இரண்டு வினாடித் துண்டுகள்

ஒன்பதாம் மாடி நிவாஷினி
ஈப்போவில் இறுதியாட்டம் ஆடுகிறாள்.
பூப்பந்து. பதினாறு வயதுக்குட்பட்டோர்.
எந்த அலைவரிசைக்கும் அக்கறையில்லை.
அவள் சித்தப்பா மட்டும்
அரங்கின் மூன்றாம் வரிசையில்
கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.
சர்க்கரைக்காரர், கை நடுங்கும்.

பந்தாய் டாலாம், பி புளோக்.
இரண்டு லிஃப்டில் ஒன்று செத்து நான்கு மாதம்.
நூற்று நாற்பது வீட்டிலும் இப்போது
அவர் கைநடுக்கம்.

ஒரு கைப்பேசி இத்தனை பேருக்கு ஊற்றாது.
அதற்குத்தான் இந்தச் செயலியை எழுதினேன்:
ஆட்டத்தை இரண்டு வினாடித் துண்டுகளாய் நறுக்கி
முதல் ஏழு வீட்டுக்குச் சித்தப்பா கொடுப்பார்,
பிறகு வாங்கியதை அவரவர்
அண்டை வீட்டுக்குத் தள்ளவேண்டும்.
கொடுத்தாலும் குறையாத பண்டம்.

முதல் செட்டிலேயே படம் உடைந்தது.
மட்டை சதுரம் சதுரமாய்ச் சிதற
இறகு வலைக்கு மேலே
சுவரில் அடித்த கொசுபோல் ஒட்டி நின்றது.
எட்டாம் மாடியில் யாரோ "அலாமாக்" என்றார்.
பதினோராம் மாடியில் அதே "அலாமாக்"
ஆறு வினாடி கழித்து.
காக் நோர் வீட்டுக் கைதட்டல்
சுவரைத் தாண்டி முந்தி வந்து
எனக்குப் புள்ளியைச் சொல்லிவிட்டது.

மடிக்கணினியைத் திறந்தேன்.
யாரிடமும் இல்லாத துண்டை முதலில் கேள்,
அரியது அழியாதிருக்கும்
என்று எழுதியிருந்தேன்.
கோப்புக்குச் சரி. ஆட்டத்துக்கு?
அடுத்த மூச்சில் ஓடவேண்டியது வாசலில் நிற்க
இருபது வினாடிக்கு அப்பால் வேண்டியது
உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.
தாமதித்து வரும் துண்டு
இலை எடுத்த பிறகு வரும் பாயசம்.

மாற்றினேன்.
முதல் ஐந்து துண்டு ஓடும் வரிசையில்,
அதற்கப்பால்தான் அரியது.
பிறகு, வேகமானவரை விடு,
பக்கத்திலிருப்பவரைக் கேள்.
வேகமானவர் எங்கோ மாமாக் கடை வைஃபையில் இருக்கிறார்,
தே தாரே தீர்ந்தால் எழுந்து போய்விடுவார்.

இரண்டாம் செட், பதினொன்று – ஒன்பது.
நிவாஷினியின் இடது காலணியில்
நாடா அவிழ்ந்திருப்பது தெரிந்தது.
அவளுக்குத் தெரியவில்லை.

யார் கொடுக்கிறார்கள் எனக்கு?
பட்டியலைப் பார்த்தேன்.
நூறு துண்டில் அறுபத்தொன்று
14-07.
குணாளன்.
என் வண்டி நிற்கிற இடத்தில்
ஆரஞ்சுக் கூம்பு வைத்தவர்.
அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தவள் நான்.
ஒன்றரை வருடமாய் ஒரே லிஃப்டில்
எண்களையே பார்த்துக்கொண்டு இறங்குகிறோம்.

பட்டியலின் அடியில் ஒரு வீடு.
வாங்கியது எழுநூற்று முப்பது.
கொடுத்தது சுழியம்.
யாரிந்தக் கஞ்சன் என்று பார்த்தால்
என் வீட்டு எண்.

போன வாரம் சோதனைக்காக
மேலேற்றத்தை நிறுத்தினேன்,
பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க.
திருப்பி வைக்க மறந்தேன்.
மறந்தேன் என்றுதான்
குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

திறந்துவிட்டேன்.
கைப்பேசி உள்ளங்கையில் சூடேறியது.
முதல் துண்டு 15-03க்குப் போனது,
அங்கே யாரென்று தெரியாது.
இரண்டாவது 14-07.

மூன்றாம் செட். இருபது – இருபத்தொன்று.
அவள் அடித்த இறகு
பின்கோட்டுக்கு வெளியே
ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்தது.

"அலாமாக்."
எட்டாம் மாடி, பதினோராம் மாடி,
பதினான்கு, காக் நோர், நான்,
எல்லாரும் ஒரே வினாடியில்.
இத்தனை நாள் அளந்ததில்
இதைவிட நல்ல எண் கிடைத்ததில்லை.

சித்தப்பா அணைக்க மறந்துவிட்டார்.
கை தொங்கிப் போயிருக்க வேண்டும்.
அரங்கத் தரை, யாருடையதோ சிலிப்பர்,
உருண்டு கிடந்த தண்ணீர்ப் புட்டி,
ஒரு சதுரம்கூட உடையாமல்
இன்னும் பத்து நிமிடம்
ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.